நூலக்காவின் கண்ணுக்கு எத்தனை சதவீதம்

பெயிண்ட் தொழிற்சாலையில் நூலக்கா என்றால்தான் அவளைத் தெரியும். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூட, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு நூல், இரண்டு நூல் என்று அளப்பார்கள். இவள் நிறத்தை அப்படி அளந்தாள். கலவைத் தொட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தகட்டில் தடவி, காய வைத்து, வெள்ளை விளக்குப் பெட்டிக்குள் மாதிரித் தகட்டோடு ஒட்டிப் பிடிப்பாள். தலையை லேசாகச் சாய்ப்பாள். "ஒரு நூல் மஞ்சள் கூட. அரை நூல் கறுப்பு கம்மி" என்பாள். பக்கத்து அறையில் இருக்கிற எடைக்காரர் அதற்கேற்ற கலர் பேஸ்டைக் கிராம் கணக்கில் நிறுத்துச் சன்னல் வழியாக நீட்டுவார். அதைக் கலந்து மறுபடி தடவிப் பார்த்தால் இரண்டு தகடும் ஒன்றாகியிருக்கும். சேர்ந்த இடத்தில் கோடு தெரியாது. பிறகு பதிவேட்டில் 'பார்த்தவர்' என்ற கட்டத்தில் அவள் கையெழுத்து, 'எடை போட்டவர்' என்ற கட்டத்தில் அவர் கையெழுத்து. தொட்டி டின்னுக்குப் போகும்.

அவள் அந்த வேலைக்கென்று வந்தவள் அல்ல. இருபத்து மூன்று வயதில் டின்னுக்கு லேபிள் ஒட்ட வந்தாள். ஒரு நாள், ஒரே லேபிள் ஒட்டவேண்டிய டின்களில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு, "இதெல்லாம் வேற கலர்" என்றாள். மேற்பார்வையாளர் திட்டினார். ஒரே கலர்தான், ஒரே நாளில் கலந்ததுதான் என்றார். திறந்து பார்த்தபோது இரண்டு தொட்டிகளில் கலந்தது என்று தெரிந்தது. அப்போதிருந்த மேலாளர் விளையாட்டுக்காகப் பத்து மூடிகளில் பத்துச் சாம்பல் நிறங்களைத் தடவி அவள் முன் வைத்தார். அவள் வெளுத்ததிலிருந்து கறுத்தது வரை வரிசைப்படுத்தியதோடு, நடுவில் இரண்டு மூடிகளைத் தொட்டு, "இது ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு தடவை வெச்சீங்க?" என்று கேட்டாள். அடுத்த மாதமே நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற ஷேடு ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் அங்கேயே இருந்தாள்.

நடுவில் நிறம் பார்க்கும் கருவி ஒன்று வந்தது. தகட்டின் மேல் வைத்தால் எண் காட்டும். "உனக்குச் சக்களத்தி வந்துட்டா" என்றார் அவள் கணவர். அவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற ஆள். ஆனால் மூத்தாளுக்கு மவுசு குறையவில்லை. கருவி எண்ணை மட்டும் சொன்னது. வாங்குகிறவர்கள் எண்ணைச் சுவரில் அடிப்பதில்லை. வெயிலில் நின்று கண்ணால் பார்க்கிறார்கள். கருவி 'சரி' என்றாலும் நூலக்கா 'சரி' என்றால்தான் தொட்டியைத் திறப்பார்கள். அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவள் கையெழுத்துப் போட்ட சரக்கில் ஒரு டின்கூட நிறம் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. இதைப் பற்றி அவளுக்குக் கர்வம் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், ஆனால் இருந்தது.

விபத்து ஒரு மதிய வேளையில் நடந்தது. கிடங்குக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவசரமாகப் பெயிண்டை இளக்குகிற தின்னர் கொஞ்சம் வேண்டியிருந்ததால் அவளே வாளியோடு கிடங்குக்குப் போனாள். காற்றை வெளியே இழுக்கும் விசிறி நான்கு நாளாகப் பழுது. டிரம்மின் குழாயைத் திருகினாள். குழாய் கையோடு வந்துவிட்டது. இருநூறு லிட்டர் டிரம்; தின்னர் கொட்டி அதன் நெடி அறை முழுக்க ஏறியது. முகத்தைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். இரும்புக் கதவு காற்றில் சாத்திக்கொண்டு, வெளித் தாழ்ப்பாள் தானாக விழுந்திருந்தது. அவள் தட்டியதை யாரும் கேட்கவில்லை. எதிரே கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்து, சரக்குத் தூக்கும் பலகை வண்டி ஓட்டுகிறவர் கதவுக்கு அடியில் தின்னர் கசிவதைப் பார்த்துத் திறந்தார். அவள் கதவை ஒட்டியே விழுந்து கிடந்தாள்.

பதினோரு நாள் மருத்துவமனை. முதல் மூன்று நாள் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. நான்காம் நாள் ஆள் தெரிந்தது. ஒன்பதாம் நாள் மகளின் சட்டையில் இருந்த பொத்தான்களை எண்ணிச் சொன்னாள். கிளம்புகிற அன்று எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தாள். டாக்டர் கைகொடுத்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று கணவர் வார்டில் இருந்த எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தார். வேலைக்குத் தகுதி என்று சான்றிதழும் கையில் வந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் ஒரு சாம்பல் நீலம் வந்தது. தகட்டைப் பிடித்தாள். மாதிரியும் கலவையும் ஒன்றாக இருந்தன. முதல் தடவலிலேயே ஒன்றாக இருப்பது என்பது பத்தொன்பது வருடத்தில் நடக்காத அதிசயம். சந்தேகப்பட்டு, அலமாரியிலிருந்து ஒரு சாம்பல் பச்சைத் தகட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதுவும் ஒன்றாகத்தான் இருந்தது.

பெட்டியின் விளக்குகள் பழசாகிவிட்டன என்று நினைத்தாள். ஏணி போட்டு நான்கையும் மாற்றினாள். கண்ணாடியைத் துடைத்தாள். தகடுகளை முற்றத்து வெயிலுக்கு எடுத்துப் போனாள். பின்பக்கத்தில் எழுதியிருந்த எண்களைப் பார்க்காவிட்டால் எது நீலம், எது பச்சை என்று சொல்ல முடியவில்லை. எண்களோ தெளிவாகத் தெரிந்தன. கடுகளவு எழுத்து, ஒன்றுவிடாமல் படித்தாள்.

அறைக்கு வந்து உட்கார்ந்தாள். சன்னலுக்கு அந்தப் பக்கம் எடைக்காரர் காத்திருந்தார். அவருக்கு அவளைவிடப் பன்னிரண்டு வயது கூட. தராசைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுகிற ஆள் என்று பெயர். அதிகம் பேச மாட்டார்.

"எப்படி இருக்கு, அண்ணே?" என்று அவள் கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அவள் யாரிடமும் நிறம் எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. தகட்டை வாங்கி விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தார். அவளையும் பார்த்தார். "மஞ்சள் கொஞ்சம் கூட இருக்கிற மாதிரி இருக்கும்மா. நீலம் நாலு கிராம் போடவா?" என்றார்.

"போடுங்க" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து ஐந்து மாதம் அப்படியே போனது. அவர் சன்னல் வழியாகக் கேள்வி மாதிரி சொல்வார். அவள் பதில் மாதிரி தலையாட்டுவாள். அவருக்கு அவள் கண் கிடையாது. ஆனால் பத்தொன்பது வருடம் ஒரு கைதேர்ந்தவளின் பக்கத்தில் இருந்தவருக்குப் பாதிக் கண்ணாவது வந்திருக்கும். மீதியைக் கருவியின் எண் ஈடுகட்டியது. பதிவேட்டில் வழக்கம்போல இரண்டு கையெழுத்து.

ஏன் உடனே சொல்லவில்லை என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். நாளைக்குச் சரியாகிவிடும் என்று முதல் வாரம் நினைத்தாள். அடுத்த மாதம் சரியாகும் என்று முதல் மாதம் நினைத்தாள். அப்புறம் சொல்லாமல் இருந்ததே சொல்ல முடியாததற்குக் காரணமாகிவிட்டது.

வீட்டில் தெரிந்தது வேறு மாதிரி. கல்லூரியில் படிக்கிற மகளின் நீலக் கோட்டில் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. அம்மா தைத்துக் கொடுத்தாள். மகள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று சிரித்தாள். "அம்மா, நீலக் கோட்டுக்குப் பச்சை நூலு! இது என்ன புது ஃபேஷனா?"

அம்மா சிரிக்கவில்லை. கோட்டை வாங்கிச் சன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா, உனக்குத் தெரியலையா?"

"தெரியலை."

அன்று மாலை கணவர் வேனை நிறுத்திவிட்டு வந்ததும் மூவரும் சமையலறையில் உட்கார்ந்து பேசினார்கள். "கம்பெனில சொல்லிடு. அங்க நடந்த விபத்து, அவங்கதான் பொறுப்பு" என்றார் கணவர்.

"சொன்னா மறுநாளே வெளிய நிக்கணும். காது கேக்காதவளை வெச்சுப் பாட்டு வாத்தியார் வேலை பாக்கவா போறாங்க?"

"சொல்லாம எத்தனை நாளு ஓட்டுவ?"

"ஓடுற வரைக்கும்."

ஓடியது ஐந்து மாதம். அதற்குள் மூன்று முறை சரக்கு திரும்பி வந்தது. மூன்றாவது ஒரு பெரிய விடுதிக்குப் போன சரக்கு. ஒரே தாழ்வாரத்தில் பாதிக் கதவுகள் ஒரு பச்சை, பாதிக் கதவுகள் வேறு பச்சை. மேலாளர் ஷேடு ரூமுக்கு நேரே வந்தார். அவர் கத்தவில்லை. ஐந்து தகடுகளைக் கலைத்து வைத்து, "வரிசைப்படுத்துங்க" என்றார். அவள் தகடுகளைத் தொடாமல் எழுந்து நின்றாள்.

"எப்பலருந்து?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரியிலருந்து வந்த நாள்லருந்து."

கம்பெனி அவளை வெளியே தள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லேபிள் ஒட்டும் பிரிவில் இடம் இருக்கிறது, அந்தப் பிரிவின் சம்பளத்துக்கு வரலாம் என்று கடிதம் கொடுத்தார்கள். இருபத்து மூன்று வயதில் உட்கார்ந்த அதே மேசை. அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனாள். அங்கே வக்கீலம்மா ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான இழப்பீட்டு மனு அப்படித்தான் போடப்பட்டது.

இழப்பீட்டுச் சட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் இத்தனை சதவீதம், ஆள்காட்டி விரல் போனால் இத்தனை, ஒரு கண் பார்வை போனால் இத்தனை. சுண்டுவிரலின் ஒரு கணுவுக்குக்கூட வரி இருந்தது. நிறத்துக்கு வரி இல்லை. மருத்துவக் குழுவில் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். அவள் கடைசி வரியையும், அதற்குக் கீழே பலகை அச்சடித்தவரின் விலாசத்தையும் சேர்த்துப் படித்தாள். குறைபாடு: பூச்சியம் சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"கொஞ்சம் தடுமாறிப் படிச்சிருக்கக் கூடாதா?" என்றார் கணவர்.

"தெரியுறதைத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது?"

வக்கீலம்மா அசரவில்லை. "அட்டவணையில இல்லாத காயத்துக்கும் சட்டத்துல வழி இருக்கு. உடம்புல எவ்வளவு போச்சுங்கிறது இல்ல, சம்பாதிக்கிற சக்தில எவ்வளவு போச்சுங்கிறதுதான் கேள்வி. ஆனா நிரூபிக்கணும். கை இல்லன்னா காட்டிடலாம். நிறம் தெரியலைங்கிறதை எப்படிக் காட்டுவீங்க? நடிக்கிறாங்கன்னு சொல்லிடுவாங்க" என்றார். பிறகு கண் நரம்பு பார்க்கிற டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார்.

அந்த டாக்டரிடம் நீளமான மரப்பெட்டிகள் நான்கு இருந்தன. உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் எண்பதுக்கு மேற்பட்ட வில்லைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம், பக்கத்து வில்லையிலிருந்து மயிரிழை வித்தியாசம். கலைத்துக் கொட்டி வரிசையாக அடுக்கச் சொன்னார். நூலக்கா முக்கால் மணி நேரம் அடுக்கினாள். விபத்துக்கு முன்னால் என்றால் பேசிக்கொண்டே அடுக்கியிருப்பாள். முடித்ததும் டாக்டர் வில்லைகளின் அடியில் இருந்த எண்களைக் குறித்துக்கொண்டு, "அடுத்த வாரம் வாங்க" என்றார். அடுத்த வாரமும் அதே பெட்டிகள். அதற்கடுத்த வாரமும்.

மூன்றாம் முறை முடிந்ததும் தாளைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா. சிவப்பு, ஆரஞ்சுப் பக்கம் உங்களுக்குப் பெரிசா தப்பே வரலை. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவுலதான் மொத்தமும் சரிஞ்சு கிடக்கு. மூணு வாரமும் அதே இடம், அதே மாதிரித் தப்பு. நடிக்கிறவங்க இப்படிப் பண்ண முடியாது. அவங்க கண்ட கண்ட இடத்துல தப்புப் பண்ணுவாங்க, மறுவாரம் வேற இடத்துல பண்ணுவாங்க. பொய்க்கு ஞாபகசக்தி கம்மி."

கண்ணில் பழுது இல்லை, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பை அந்த நெடி தொட்டுவிட்டது என்று அறிக்கை எழுதினார். எழுத்துப் படிக்கிற அளவுக்கு நரம்பு மீண்டுவிட்டது. நிறம் பிரிக்கிற அளவுக்கு மீளவில்லை. இனி மீளுமா என்று அவள் கேட்டாள். இவ்வளவு மாதம் ஆன பிறகு நம்பிக்கை சொல்ல மாட்டேன் என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள்.

கம்பெனியின் காப்பீட்டுத் தரப்பு அதற்குப் பதிலாகப் பதிவேட்டை எடுத்து வைத்தது. விபத்துக்குப் பிறகு ஐந்து மாதம், நூற்று நாற்பத்தாறு தொட்டிகள், நூற்று நாற்பத்தாறு கையெழுத்து. அதில் திரும்பி வந்தது மூன்றுதான். கண் போனவள் எப்படி நூற்று நாற்பத்து மூன்று தொட்டியைச் சரியாகப் பார்த்தாள்? நியாயமான கேள்விதான்.

வக்கீலம்மா பதிவேட்டின் நகலை ஒரு மாலை முழுவதும் புரட்டினார். பிறகு வருகைப் பதிவேட்டையும் வரவழைத்தார். மறுநாள் நூலக்காவைக் கூப்பிட்டு மேசையில் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். சரக்கு திரும்பி வந்த மூன்று தொட்டிகளும் கலக்கப்பட்ட நாட்களில் எடைக்காரர் விடுப்பு; வேறு ஆள் எடை போட்டிருக்கிறார். ஐந்து மாதத்தில் அவர் விடுப்பு எடுத்ததே அந்த மூன்று நாள்தான். முழங்கால் வைத்தியத்துக்குப் போயிருக்கிறார்.

"இது போதும். அவரைச் சாட்சிக் கூண்டுல நிறுத்தினா கேஸ் முடிஞ்சுது. நூத்துக்கு நூறு" என்றார் வக்கீலம்மா.

நூலக்கா இரண்டு தாள்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு என்ன ஆகும்?"

"அது கம்பெனி பாடு."

கம்பெனி என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். அதிகாரம் இல்லாமல் நிறம் பார்த்தது, தெரிந்தே மறைத்தது, மூன்று சரக்கு நஷ்டம். ஓய்வுபெற ஒன்றே முக்கால் வருடம் இருந்தது அவருக்கு. "யோசிச்சுச் சொல்றேன்மா" என்று எழுந்தாள்.

வருகைப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறார்கள் என்ற செய்தி தொழிற்சாலைக்குள் அன்றே பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடைக்காரர் அவள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அந்த வீட்டுக்கு அவர் வந்ததில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார்கள், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. கணவர் வேன் கழுவுவதை நிறுத்திவிட்டு வாசற்படியில் வந்து நின்றார்.

"கேள்விப்பட்டேன்" என்றார் எடைக்காரர்.

"ஆமாண்ணே."

"நான் செஞ்சது தப்பில்லைன்னுதான் இப்பவும் நினைக்கிறேன். ஆனா பேரு வந்தா..." என்று நிறுத்தினார். "பெரியவன் கையில தொழில் இல்லை. வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை. எனக்கு வர்றதை வெச்சுத்தான் எல்லாம். உனக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"கூப்பிட்டா நான் வந்து, அப்படி எதுவும் நடக்கலைன்னு சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்ல வெச்சிடாதேம்மா."

இதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார். நூலக்காவுக்கு அந்த நேரத்தில் கோபம்தான் வந்தது. பிறகு அவளே சொன்னாள்: அவர் கெஞ்சியதற்குக் கோபம் இல்லை, பொய் சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வந்தாரே, அதற்கு. ஆனால் ஐந்து மாதம் சன்னல் வழியாக வந்த கிராம்களும் நினைவில் இருந்தன. அவள் கேட்டு அவர் செய்யவில்லை, அவராகச் செய்தார்.

"உங்க பேரு என் வாயில வராது. தண்ணியைக் குடிங்க" என்றாள்.

அவர் குடித்துவிட்டுப் போனார். கணவர் உள்ளே வந்தார். சிரித்துக்கொண்டே பேசுகிற மனிதர் அன்று சிரிக்கவில்லை. "ஊரான் பிழைப்புக்கு நீ ஏன் உன் கண்ணைக் கொடுக்கிற?"

"கண்ணு ஏற்கனவே போச்சு. அவரு அஞ்சு மாசம் தன் கண்ணைக் கொடுத்தாரு. கணக்கு சரியாப் போச்சு."

"கணக்கெல்லாம் நல்லா போடற" என்றார். அன்று முழுவதும் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

விசாரணை இழப்பீட்டு அதிகாரியின் அறையில் நடந்தது. நீதிமன்றம் மாதிரி உயரமான மேடை எல்லாம் இல்லை; ஒரு நீள மேசை, இரண்டு பக்கமும் நாற்காலி, மூலையில் கோப்புகள் சரிந்து நின்ற இரும்பு அலமாரி. அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு தாள்களைக் கண்ணருகே பிடித்துப் படிக்கிறவர். கண் டாக்டர் வந்து தன் வில்லைப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். பிறகு நூலக்காவின் முறை.

காப்பீட்டு வக்கீல் பதிவேட்டை அவள் முன் விரித்தார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"இதுவும்? இதுவும்?"

"எல்லாம் என்னதுதான்."

"'பார்த்தவர்'னு போட்டிருக்கு. நீங்க பார்த்தீங்களா?"

"கையெழுத்துப் போட்டேன். பார்க்கலை."

"அப்படின்னா அஞ்சு மாசம் கம்பெனியை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமாங்க."

இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. குரலைக் கொஞ்சம் இறக்கினார். "அஞ்சு மாசம் பொய் சொன்னவங்க இப்ப மட்டும் உண்மை சொல்றாங்கன்னு எப்படி நம்புறது?"

"தெரியும்னு பொய் சொன்னா சம்பளம் வந்துச்சு. தெரியலைன்னு உண்மையைச் சொன்னதும் வேலை போச்சு. எது பொய்யின்னு நீங்களே பார்த்துக்கோங்க" என்றாள்.

அலமாரிப் பக்கம் உட்கார்ந்திருந்த தட்டச்சுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"நீங்க பார்க்கலைன்னா, பார்த்துச் சொன்னது யாரு?"

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். நூலக்கா, "அதைச் சொல்ல மாட்டேங்க" என்றாள்.

"சொன்னா உங்க கேஸ் பலமாகும். தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா."

"சொல்லலைன்னா, பாதியாவது நீங்களே பார்த்திருக்கீங்கன்னு நான் எடுத்துக்க வேண்டி வரும்."

"எடுத்துக்கோங்க."

அதிகாரி எதையோ எழுதினார். எழுதி முடித்துவிட்டு, கேட்க வேண்டிய அவசியம் இல்லாத ஒன்றைக் கேட்டார். "இப்ப உங்களுக்கு எப்படித் தெரியுது? சாதாரணமா சொல்லுங்க."

அவள் யோசித்தாள். "ஒரு தெரு இருந்துச்சுங்க. இந்த முனையில நீலம், அந்த முனையில பச்சை. நடுவுல நூறு வீடு. எனக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடுன்னு தெரியும். இப்ப அந்தத் தெருவைக் காணோம். ரெண்டு முனையும் ஒட்டிக்கிச்சு. மத்தவங்களுக்கு அதனால ஒரு கஷ்டமும் இல்ல. அந்தத் தெருவுல குடியிருந்தது நான் ஒருத்திதான்."

தட்டச்சுக்காரர் இதையும் அடித்தார். விசாரணை அத்துடன் முடிந்தது.

உத்தரவு மூன்று மாதம் கழித்து வந்தது. ஆறு பக்கம். அட்டவணை உடம்பைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் இந்தப் பெண்மணி உடம்பை வைத்து அல்ல, ஒரு தனித் திறமையை வைத்துச் சம்பாதித்தவர். எழுத்துப் பலகை அந்தத் திறமையை அளக்காது என்று அதிகாரி எழுதியிருந்தார். மருத்துவக் குழுவின் பூச்சியத்தை அவர் ஏற்கவில்லை. கண் டாக்டரின் அறிக்கையை ஏற்றுக்கொண்டார். ஆனால் ஐந்து மாதப் பதிவேட்டுக்கு மனுதாரர் முழு விளக்கம் தர மறுத்துவிட்டதால், சம்பாதிக்கும் சக்தி முழுவதும் போய்விட்டதாகக் கொள்ள முடியாது. அறுபத்தைந்து சதவீதம்.

"மேல்முறையீடு போகலாம். இன்னும் அந்த ரெண்டு தாளும் என்கிட்டதான் இருக்கு" என்றார் வக்கீலம்மா.

"போதும்மா."

"முப்பத்தஞ்சு சதவீதம் விட்டுட்டுப் போறீங்க."

"விட்டுட்டுப் போகலை. அது எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உத்தரவின் நகலை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வந்த தொகையில் மகளின் படிப்பு முடிந்தது. வேனின் கடன் அடைந்தது. லேபிள் மேசைக்கு அவள் போகவில்லை. ஆறு மாதம் வீட்டில் இருந்தாள். அந்த ஆறு மாதத்தைப் பற்றி அவள் பேசுவதில்லை, கணவரும் பேசுவதில்லை. பிறகு ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். விலாசத்தைப் படித்து அந்தந்தத் தெருவுக்கான கூடையில் போட வேண்டும். வேகமாகப் படிப்பாள். கிறுக்கல் எழுத்தாக இருந்தால் மற்றவர்கள் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். சம்பளம் பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. புடவை எடுக்கப் போனால் மகளைக் கூட்டிக்கொண்டு போவாள். தானாக எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. "எனக்கென்ன, கட்டிக்கிறது நான், பாக்குறது நீங்க" என்பாள்.

ஷேடு ரூமில் இரண்டாவது கருவி வாங்கி வைத்தார்கள். சரக்கு இப்போது அவ்வப்போது திரும்பி வருகிறதாம். கம்பெனி அதையும் ஒரு செலவாக வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

எடைக்காரர் உத்தரவு வந்த சமயத்தில் வரவில்லை. சங்க அலுவலகத்தில் யாரோ அதை வாசித்தபோது அவர் கடைசி வரிசையில் நின்று கேட்டார் என்றும், 'பெயர் சொல்ல மறுத்துவிட்டார்' என்ற இடத்தில் எழுந்து வெளியே போனார் என்றும் அவள் கேள்விப்பட்டாள். வழியில் இரண்டு முறை பார்த்தபோது தலையசைத்தார். கணவர் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

ஓய்வுபெற்று, வரவேண்டியதெல்லாம் கைக்கு வந்த மறுவாரம் எடைக்காரர் நேரே வக்கீலம்மாவிடம் போனார். ஐந்து மாதமும் நிறம் பார்த்துச் சொன்னது நான்தான் என்று கைப்பட எழுதிய நான்கு பக்கத்தை மேசையில் வைத்தார். எந்தத் தேதியில் எத்தனை கிராம் என்பது வரை அதில் இருந்தது. வக்கீலம்மா படித்துவிட்டு, மேல்முறையீட்டுக்கான காலம் எப்போதோ முடிந்துவிட்டது, காயத்தின் நிலைமை மாறியிருந்தால் மட்டும்தான் மறுபடி திறக்க முடியும், சாட்சியின் நிலைமை மாறியதற்குச் சட்டத்தில் இடம் இல்லை என்றார். அவர் தாள்களை எடுத்துக்கொண்டு நூலக்காவின் வீட்டுக்கு வந்தார்.

கதவைத் திறந்தவர் கணவர். எடைக்காரர் வாசலில் நின்றபடியே அந்த நான்கு பக்கத்தை நீட்டினார். கணவர் வாங்கி, ஒவ்வொரு பக்கமாக முழுவதும் படித்தார். அவருக்குப் படிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எடைக்காரர் முழங்காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றார்.

"இதை ரெண்டு வருஷம் முன்னாடி எழுதியிருக்கலாமே" என்றார் கணவர்.

"எழுதியிருக்கலாம்" என்றார் எடைக்காரர்.

கணவர் தாள்களை மடித்தார். உள்ளே நூலக்கா அடுப்பை அணைத்துவிட்டு வருகிற சத்தம் கேட்டது. அவர் கதவை முழுவதும் திறந்துவிட்டு, "முழங்கால் வலியோட எத்தனை நேரம் நிப்பீங்க, உள்ள வாங்க" என்றார்.